சமாதானம் சுவர் வரைக்கும்

இன்றைக்குத் திரும்பிவிடுவது என்று மாசிலாமணி காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். திரும்புவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கோயிலில் தான் உட்காரும் இடத்தில் எழுந்து நின்று, பீடத்துக்கு முதுகைக் காட்டி, பின்பெஞ்சைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் பின்பெஞ்சில் இருப்பது துரைசிங். இப்போது பிரசங்கம் முடிந்து, ஜெபம் முடிந்து, சபை குருவான ஐயர் பீடத்திலிருந்து இறங்கி உபதேசியார் ஏசுவடியானின் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் சொல்லிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை நாள். அப்பத்தைத் தொடுமுன் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்க வேண்டும். உபதேசியார் நடைபாதை வழியே வந்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்து ஆளுக்குக் கொடுப்பார். ஓரத்து ஆள் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பார். அப்படியே கைமாறிச் சுவர் வரைக்கும் போகும். சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வார். அவருக்குக் கொடுக்க ஆள் கிடையாது. இத்தனை வருஷமாக மாசிலாமணி அந்தச் சுவரோரத்து ஆள். அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. வாங்கினால் போதும், சுண்ணாம்புச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். உபதேசியார் இப்போது முதல் பெஞ்சில் நிற்கிறார். கண் சரியாகத் தெரியாது, பெஞ்சின் முனையைத் தடவிப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். நேரமிருக்கிறது. நேரமிருப்பதுதான் கஷ்டம். ஒரேயடியாக வந்துவிட்டால் உடம்பு தானாகத் திரும்பிவிடும். இப்படி ஒவ்வொரு கையாக ஊர்ந்து வரும்போது மனசு ஆயிரம் இடத்துக்குப் போய் வருகிறது.

ஐயர் இன்றைக்குப் பிரசங்கித்தது அன்பைப் பற்றி. உண்மையான அன்பு உள்ளத்தில் ஊற்று மாதிரிப் பொங்கும் என்றார், கையை அடிவயிற்றிலிருந்து மேலே தூக்கிக் காட்டினார். மாசிலாமணி அப்போதே தன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் பொங்கவில்லை. தன் மாவு மில்லில் கரண்டு போன நேரத்தில் இருக்குமே, அப்படி ஒரு சத்தமில்லாத இடம்தான் இருந்தது, புழுதி மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டு. பொங்காமல் கையை நீட்டினால் அது மாய்மாலம் ஆகாதா? ஊருக்காகச் செய்கிறவன் என்று துரைசிங் நினைப்பான். நாமே நினைத்துக்கொள்ள மாட்டோமா? மாய்மாலக்காரர்களை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கோயிலில் கண்ணை மூடி உருகிவிட்டு வெளியே வந்ததும் செருப்பைத் தேடிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் குமட்டும். அதனால்தான் போன இரண்டு முறையும் திரும்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு வரட்டும், வந்த பிறகு திரும்புவோம். நல்ல காரணமாகத்தான் இருந்தது, நேற்று வரைக்கும். பின்னால் துரைசிங் தொண்டையைச் செருமினான். மில் சத்தத்தில் மாசிலாமணியின் வலது காது மந்தமாகிவிட்டது, இடது காது கூர்மை. அந்தக் காதுக்கு நேராகத்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். அந்தச் செருமலை எந்தக் கூட்டத்திலும் அவரால் அடையாளம் சொல்ல முடியும். சாவியைக் கொடுக்குமுன்னும் அவன் இப்படித்தான் செருமினான்.

சாவி. வேண்டாம் என்றாலும் வந்துவிடுகிறது. கோயில் பின்கட்டில் தகரக் கொட்டகைக்குள் சவ வண்டி நிற்கும், அதன் சாவி சபைச் செயலரிடம் இருக்கும். அந்த வருஷம் செயலர் துரைசிங். சபைத் தேர்தல் முடிந்த புதுசு. சபையே இரண்டாகக் கிழிந்திருந்தது. மாசிலாமணியின் மைத்துனன் ஜெபமணி ஓர் அணிக்குத் தலைவன், துரைசிங் எதிரணி. அந்தச் சமயம் பார்த்து மாசிலாமணியின் மனைவி ஞானப்பூ போய்ச் சேர்ந்தாள். கோயிலில் அடக்க ஆராதனை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தால் வண்டியைக் காணோம், கொட்டகை பூட்டியிருந்தது. ஆள் போனது. துரைசிங் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சாப்பிட்டுவிட்டு வருவார் என்று திரும்பி வந்தது. மறுபடி ஆள் போனது. பெட்டி வெயிலில் ஸ்டூல்களின் மேல் இருந்தது. கோயில் முன் வேம்பு கிடையாது, ஒன்றும் கிடையாது, கொடிமரத்தின் நிழல் மட்டும் ஒரு கோடாய் விழுந்திருந்தது. மாசிலாமணி யாரிடமோ குடையை வாங்கிப் பெட்டியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். மூடிய பெட்டிக்குக் குடை. "செத்தவளுக்கு வெயில் உறைக்குமா" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். உறைக்காது என்று அவருக்கும் தெரியும். கை மட்டும் குடையை இறக்க மறுத்தது. கடைசியில் துரைசிங் வந்தான். மென்றுகொண்டே வந்தான். தாடை ஆடியது. இதுதான், இந்தத் தாடைதான். எத்தனையோ முறை இந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். உண்மையிலேயே மென்றானா? வாயைக் கழுவாமலா கிளம்பியிருப்பான்? சில நாள் பாக்கு என்று தோன்றும். சில நாள் தாடை ஆடவே இல்லை, நாமாக ஆட்டி வைத்திருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் தாடையை எடுத்துவிட்டால் அந்த நாளே சரிந்துவிடும்போல் இருக்கும், உடனே திரும்ப மாட்டிவிடுவார். செருமிக்கொண்டு சாவியை நீட்டினான். "கவனிக்கல, கொஞ்சம் சுணங்கிட்டு" என்றான். கவனிக்கல. ஊருக்கே மணி அடித்திருக்கிறது, கவனிக்கவில்லையாம்.

உபதேசியார் இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். மாசிலாமணி உட்கார்ந்திருப்பது நாலாவது. முன்னாலிருக்கும் நாலு பெஞ்சும் ஜெபமணி அணி. ஆறாவதிலிருந்து கடைசி வரைக்கும் அவர்கள். நடுவில் ஐந்தாவது பெஞ்சு காலி. யாரும் சட்டம் போடவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். வெளியூர் விருந்தாளிகள் தெரியாமல் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நெளிவார்கள். உபதேசியார் மட்டும் இருவருக்கும் பொது, தபால்காரர் மாதிரி. நாலாவது பெஞ்சில் கொடுத்துவிட்டு ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போய்விடுவார். கால் பழகிவிட்டது. இப்படித்தான் இந்தச் சபையில் சமாதானம் நடக்கிறது, ஒரு பெஞ்சுக்கு மேல் தாவிக் குதித்து. புதுத் தேர்தலில் துரைசிங்கைச் சொந்த அணியே தள்ளிவிட்டது. அவனுக்குப் பதில் வேறொருவனை நிறுத்தினார்கள். துரைசிங் அங்கேயும் உட்காராமல், இங்கேயும் வர முடியாமல், காலிப் பெஞ்சில் சுவரோரமாக வந்து உட்கார்ந்தான், மாசிலாமணிக்கு நேர் பின்னால். உபதேசியாருக்கு அந்தக் கோடியில் ஆள் இருப்பது தெரிவதில்லை, பெஞ்சின் முனை காலி, தாண்டிவிடுகிறார். மற்றவர்களுக்குத் தெரிகிறது. ஜெபமணி முதல் நாளே முழங்கையால் இடித்துச் சொன்னான். "அத்தான், பின்னால பாத்தியளா. நடு பெஞ்சுக்குக் குடிவந்தாச்சு. வாடகை எந்தக் கட்சிக்குக் குடுப்பாராம்?" மாசிலாமணி சிரித்தார். நன்றாகவே சிரித்தார். ஜெபமணிக்கு வாய் அப்படி, சாவு வீட்டிலும் சிரிக்க வைத்துவிடுவான், அவன் அக்காளுக்கும் அந்த வாய்தான்.

ஞானப்பூவின் வாய். பக்கத்து வீட்டு ரூபியோடு அவளுக்குக் குழாயடியில் தீராத சண்டை. அந்த ரூபிக்குக் காய்ச்சல் வந்தபோது மீன் குழம்பை எடுத்துத் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றினாள், ஊற்றும்போதே திட்டினாள். "நாக்கா அது, அரிவாள். நேத்து என்ன சொன்னா தெரியுமா, என் மீனுல உப்பு கூடிட்டாம். போடி, இன்னைக்கு உனக்கு உப்பில்லாமலே தாரேன்." ஆனால் மீனில் நல்ல நடுக்கண்டமாகப் பார்த்துத்தான் போட்டாள். மாசிலாமணி அன்றைக்குக் கேட்டார், "இவ்வளவு ஆத்திரத்தை வச்சுக்கிட்டு எதுக்குக் கொண்டுபோறே, மாய்மாலமா இல்ல?" அவள் கரண்டியை உதறினாள். "ஆத்திரம் எனக்கு, பசி அவளுக்கு. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்புதிய?" சொல்லிவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போய் என்ன செய்தாள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ரூபியைச் சாப்பிட வைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, தலையைப் பின்னிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வாரம் குழாயடியில் மறுபடி சண்டை. பொங்கிற்றா அவளுக்கு? ஐயர் காட்டினாரே கையால், அப்படி அடிவயிற்றிலிருந்து ஏதாவது பொங்கிற்றா? ஒன்றும் பொங்கியதாகத் தெரியவில்லை. தூக்கு கனமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ரூபியின் விஷயம் வேறு, இது வேறு. ரூபி உப்பைக் குறை சொன்னாள். இவன் அவளையே வெயிலில் போட்டான். தனக்கு நடந்ததை மன்னிக்கலாம். அவளுக்கு நடந்ததை மன்னிக்க நான் யார்? பெட்டிக்குள் இருந்தவள் அவள்தானே. இந்த இடத்தில் வந்து மனசு எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும், வெற்றி பெற்ற மாதிரிகூட இருக்கும். இதற்கு ஐயரால் பதில் சொல்ல முடியாது என்று ஒரு திருப்தி.

மூன்றாவது பெஞ்சு. முன்னால் நிற்பவர்களின் முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, கைகள் கைகளுக்குள் போகின்றன. மின்விசிறி சட்டைகளை ஊதுகிறது. மாசிலாமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மாவு போகாது. நேற்று இந்தக் கைகள் மாவில் இருந்தன. கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் துரைசிங், தோளில் ஒரு பை. அவன் மனைவி மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள் இன்னும் வரவில்லை, ஆள் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளுகிறான் என்று மில்லுக்கு வருகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். இதற்கு முன் அவன் இந்த மில்லுக்கு வந்ததில்லை, பஸ் ஏறிப் பெரிய ஊரில்தான் அரைப்பான். பஸ் ஏற முடியவில்லை போலும். படியில் ஒரு காலை வைத்தான். மாசிலாமணியைப் பார்த்தான். வேலைக்காரப் பெண் மட்டும் இருப்பாள் என்று நினைத்திருக்கலாம். மாசிலாமணி குனிந்து மெஷின் பெல்ட்டைப் பார்த்தார். பெல்ட்டில் பார்க்க ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி நிமிர்ந்தபோது துரைசிங் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தெருவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான், மெதுவாக, சாக்கடை ஓரமாக. அப்போது மாசிலாமணிக்குள் ஒன்று பொங்கிற்று. அடிவயிற்றிலிருந்து, ஐயர் காட்டிய மாதிரியே. சந்தோஷம். நாக்கில் தித்திப்புக்கூடத் தெரிந்தது. பசித்தவன் அரைக்காமல் திரும்பிப் போகிறான், எனக்கு இனிக்கிறது. அந்த இனிப்புதான் அவரைப் பயமுறுத்திவிட்டது. கோபம் என்றால் அது ஞானப்பூவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இனிப்பு யாருக்காக? இதில் அவள் எங்கே இருக்கிறாள்? அவள் இருந்திருந்தால் தெருவில் ஓடி, திட்டிக்கொண்டே, அந்தப் பையைப் பிடுங்கி வந்திருப்பாள். அவள் பெயரைச் சொல்லி நான் வேறு எதையோ வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் நாள் விட்டால் அது என்னையே தின்றுவிட்டு என் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரும், சுவரோரத்தில் உட்கார்ந்து சமாதானம் வாங்கிக்கொள்ளும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால் திரும்பத்தான் வேண்டும். மனசு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மாய்மாலம் என்றால் மாய்மாலமாகவே இருக்கட்டும், கடவுள் கணக்குப் பார்த்துக்கொள்வார். உபதேசியார் நாலாவது பெஞ்சைத் தடவுகிறார். ஓரத்தில் தையல்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அடுத்து ஜெபமணி. அடுத்து நான். துரைசிங் கையை வாங்காவிட்டால்? அதை நினைக்கவே இல்லையே. கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், ஆறாவது பெஞ்சு முழுக்கப் பார்க்கும், நாளைக்கு ஊர் முழுக்க, மாவு மில்காரர் போய்க் கையை நீட்டினாராம், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம் என்று. இந்தப் பக்கம் ஜெபமணி. அக்காளை வெயிலில் போட்டவனிடம் போய்ப் பல்லிளித்தீர்கள் என்பான். நெஞ்சுக்குள் மில் ஓடுகிறது. ஜெபமணி திரும்பி அவர் கைகளைப் பிடித்தான், சமாதானம் என்றான், கண்ணடித்தான். அவன் கை சூடாக, வேர்வையாக இருந்தது. கொடுத்துவிட்டான். இப்போது அது என் கையில் இருக்கிறது. சுவர் பக்கத்தில் இருக்கிறது. தோளைச் சாய்த்தால் முடிந்துவிடும். இரண்டு முறை சாய்த்தாயிற்று, சுண்ணாம்பு தோளில் ஒட்டியிருந்ததை வீட்டில் போய்த் தட்டிவிட்டாயிற்று. மாசிலாமணி சுவரைப் பார்த்தார். பிறகு முழு உடம்பையும் ஒரு மூட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டித் திரும்பினார்.

துரைசிங் எழுந்து நின்றுகொண்டிருந்தான், ஆனால் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் துண்டுக்கு அடியில். மாசிலாமணி கைகளை நீட்டினார். துண்டு அசையவில்லை. ஆறாவது பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், பயந்தது நடந்துவிட்டது. நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது, தாடை ஞாபகம் வருகிறது, கையை மடக்கு, மடக்கித் திரும்பிவிடு, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி அவன் பாடு. எவ்வளவு சுலபமாக நியாயம் கிடைக்கிறது. ஆனால் ரூபி கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் ஞானப்பூ தூக்கோடு திரும்பியிருப்பாளா? கதவை உதைத்திருப்பாள். மாசிலாமணி கையை மடக்கவில்லை. "கையைத் தாரும்" என்றார். துரைசிங் நிமிரவில்லை. "எனக்கு எதுக்குவே. நீரு முன்னால திரும்பும்." "தாரும்வே." "நிக்காதுவே." "எது?" "கை. ஒரு இடத்துல நிக்காது. எல்லாவனும் பாக்கான்." அப்போதுதான் மாசிலாமணி துண்டைப் பார்த்தார். அது அசையாமல் இல்லை. அடியில் ஏதோ உயிரோடு இருப்பதுபோல ஓரத்து நூலெல்லாம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சின் முதுகுக்கு மேலாகக் குனிந்து, துண்டை விலக்கி, அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்து மூடினார். மூடியும் அவை அடங்கவில்லை. அவர் கைகளையும் சேர்த்து ஆட்டின. மணிக்கட்டு, முழங்கை, தோள் வரைக்கும் அந்த நடுக்கம் ஏறி வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது. கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. "சமாதானம்" என்றார்.

எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், பாட்டு ஆரம்பித்துவிட்டது. மாசிலாமணி மட்டும் பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜெபமணி சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், உக்காருங்க. எல்லாரும் பாக்காங்க." "பாக்கட்டும்." "அக்காள நினைச்சுப் பாத்தியளா?" "அவளத்தாண்டா நினைச்சுக்கிட்டு இருக்கேன். காலை நகத்து." ஜெபமணி நகர்த்தினான். முழங்கால்களைத் தாண்டி, தையல்கடைக்காரரின் செருப்பை மிதித்து, நடைபாதைக்கு வந்து, காலிப் பெஞ்சுக்குள் நுழைந்தார். நீளமான பெஞ்சாக இருந்தது, தூசி படிந்து. சுவர் வரைக்கும் நடந்துபோய்த் துரைசிங்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டில் ஒரு சரணம் போயிற்று. துரைசிங் செருமினான். "அன்னைக்கு அந்தச் சாவி" என்றான். "சாவிய நினைச்சா எனக்கு இப்பவும் எரியுது" என்றார் மாசிலாமணி. "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதை ஒருநாள் பேசுவோம், நல்லாச் சத்தம் போட்டே பேசுவோம். இப்ப இங்க திரும்பும்." "என்னத்துக்கு?" "சட்டைப் பித்தானை மாத்தி மாத்திப் போட்டிருக்கீரு. இப்படியேவா பீடத்துக்குப் போவீரு?" துரைசிங் குனிந்து பார்த்தான். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. "இதுக்கே அரைமணி நேரம் ஆச்சுவே" என்றான். மாசிலாமணி கீழிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார், நுனிகளைச் சேர்த்து நேராக்கினார், மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினார். தடித்த விரல்கள், சின்னத் துளைகள். முன்னாலும் பின்னாலும் பாட்டு நடந்தது, சிலர் பாடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஏதாவது பொங்குகிறதா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை, பித்தான் துளை தெரியவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் வந்தபோது துரைசிங் மோவாயைத் தூக்கிக் கொடுத்தான். "இறுக்குதா?" "கொஞ்சம்." மேல் பித்தானை மட்டும் கழற்றிவிட்டார். நாலாவது பெஞ்சு அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது. அடுத்த பெஞ்சை அழைக்க வந்த உபதேசியார் ஆறாவதுக்குத் தாண்டப் போனார். "நில்லும்வே உபதேசியாரே, இங்க ரெண்டு பேரு இருக்கோம்" என்றார் மாசிலாமணி. எழுந்து, துரைசிங்கின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, அவன் கால் நிலைக்கும் வரை காத்திருந்தார்.